சிவப்புப் புள்ளி, நீலப் புள்ளி

பெர்னிக்
12 ஜனவரி 2023

அன்புள்ள ருமெனுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ் என்று பயந்திருப்பாய். பயப்படாதே. விவாகரத்து முடிந்து நாலு வருஷம் ஆகிறது. போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே இருவரும் கத்த ஆரம்பித்துவிடுவோம் என்பதால்தான் எழுதுகிறேன். புர்காஸின் கடற்காற்று உன் மூட்டுவலிக்கு ஒத்துக்கொள்கிறதா? உன் ஃபோட்டோ லேபில் நல்ல பிரிண்ட் போட ஆள் வருகிறார்களா, அல்லது காபிக் கோப்பையில் நாய்ப் படம்தான் அச்சடித்துக்கொண்டிருக்கிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். என் வலது கை சரியில்லை. இலையுதிர்காலத்தில் கட்டைவிரலில் தொடங்கியது. சாவியைத் திருப்ப முடியவில்லை, ஜாடி மூடியைத் திறக்க முடியவில்லை. வயதாகிறது என்று விட்டுவிட்டேன். டிசம்பரில் ஒரு கல்யாணம். மணப்பெண் வாசலில் பூப்போட்ட செம்புப் பாத்திரத்தைக் காலால் உதைக்கிற நேரம். கேமராவைத் தூக்கினேன், கை பாதியில் நின்றுவிட்டது. பாத்திரம் உருண்டு, தண்ணீர் கொட்டி, எல்லோரும் கைதட்டி முடித்த பிறகுதான் கேமரா என் கண்ணுக்கு வந்து சேர்ந்தது. அந்தப் படத்தை மணப்பெண்ணின் அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நம்முடைய பெரிய மிரர்லெஸ் கேமரா உனக்குத் தெரியும், நீ வீட்டில் இருந்தபோது சேர்ந்து வாங்கியதுதான். நீள லென்ஸும் ஃபிளாஷும் மாட்டினால் இரண்டரைக் கிலோ. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இனி ஒரு முழுக் கல்யாணம் என்னால் முடியாது. அதனால் சின்னதாக ஒன்று வாங்கியிருக்கிறேன். கோட்டுப் பைக்குள் போய்விடும், ஒரு ஆப்பிள் கனம். கீழ்வீட்டுக் கசாப்புக்கடை அசென் பார்த்துவிட்டு, "என்ன நெவேனா, கேமரா குட்டி போட்டுடுச்சா?" என்று கேட்டான்.

இங்குள்ள டாக்டர் கழுத்தில் நரம்பு நசுங்கியிருக்கலாம் என்கிறார். சோஃபியாவில் பெரிய டாக்டரிடம் தேதி வாங்கியிருக்கிறேன். அது ஒரு பக்கம். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. இந்தக் குட்டியை வைத்துக்கொண்டு நான் புகைப்படக்காரியாகவே இருக்க முடியுமா? குழந்தை இல்லை, நீயும் இல்லை. படம் எடுப்பது ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் போய்விட்டால் காலையில் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

ஒரே இடத்தில் இரண்டு கேமராவிலும் எடுத்து, ஒரே அளவில் பிரிண்ட் போட்டு அனுப்புகிறேன். பின்பக்கம் ஒரு கேமராவுக்குச் சிவப்புப் புள்ளி, இன்னொன்றுக்கு நீலப் புள்ளி. எது எது என்று சொல்ல மாட்டேன். நீ கண்டுபிடி. பெரியது இல்லாமல் ஆகாது என்றால் ஆகாது என்று சொல்.

இதை ஏன் உன்னிடம் கேட்கிறேன் என்றால், நீ எல்லாவற்றிலும் பொய் சொன்னவன். சிகரெட்டை விட்டதாகச் சொன்னாய், தில்யானா வெறும் வாடிக்கையாளர் என்று சொன்னாய். படத்தில் மட்டும் நீ பொய் சொன்னதில்லை. நம் கல்யாணத்தன்று நான் உன் அம்மாவை எடுத்த படத்தைப் பார்த்து, அத்தனை விருந்தாளிகள் முன்னாலும், "படத்துல அம்மாவோட கால வெட்டிட்ட" என்றாய். அன்றைக்கு உன்னை அடிக்கத் தோன்றியது. இப்போது அந்த ஆள்தான் எனக்கு வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நெவேனா


புர்காஸ்
21 ஜனவரி 2023

நெவேனா,

நீ வக்கீல் நோட்டீஸே அனுப்பியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். "அன்புள்ள" என்று போட்டிருந்ததே, அதைப் பார்த்துத்தான் வெலவெலத்துவிட்டேன். மூட்டுவலி இருக்கிறது. நாய்ப் படமும் இருக்கிறது. போன வாரம் ஒரு கிளிப் படம் வந்தது, முன்னேற்றம்தான்.

கையை அலட்சியப்படுத்தாதே. கழுத்து நரம்பு என்றால் சரியாகிவிடும், என் தம்பிக்குச் சரியானது.

பிரிண்ட் வருவதற்கு முன்பே சிலதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ என்னைத் திட்டக்கூடாது. வெளிச்சம் வாங்குகிற சென்சார் பெரியதில் கூடத்து ஜன்னல் மாதிரி. குட்டியினுடையது கழிவறை ஜன்னல். நல்ல வெயிலில் இரண்டு அறையுமே வெளிச்சமாகத்தான் இருக்கும். அந்தி சாய்ந்தால்தான் எது எதென்று தெரியும். கோயிலில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், குட்டி எடுத்த முகங்கள் கஞ்சியாகக் குழைந்துவிடும். குட்டியால் பின்னணியை மங்கலாகக் கரைக்கவும் முடியாது. மணப்பெண்ணும் துல்லியமாகத் தெரிவாள், அவள் பின்னால் இருக்கிற குப்பைத்தொட்டியும் துல்லியமாகத் தெரியும். ஓடுகிற ஆளின் கண்ணைப் பெரியது ஃபோகஸில் பிடித்தால் விடாது. குட்டி நின்று யோசிக்கும், அது யோசித்து முடிப்பதற்குள் உன் பாத்திரம் மறுபடியும் உருண்டுவிடும். கண்ணில் வைத்துப் பார்க்க ஒரு துளையும் கிடையாது. கையை நீட்டித் திரையைப் பார்த்து எடுத்தால் கல்யாண வீட்டில் உன்னைச் சுற்றுலாக்காரி என்று நினைத்து இடித்துத் தள்ளிக்கொண்டு போவார்கள்.

குட்டிக்கும் ஒரு நல்ல குணம் உண்டு. அதைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். உனக்கு அது பெரிய விஷயம். மற்றவர்கள் சிரிப்பை எடுப்பார்கள். நீ சிரித்து முடித்து முகம் கீழே இறங்குகிற நொடிக்காகக் காத்திருப்பாய். வாடிக்கையாளர்கள் அதற்காக உன்னைத் திட்டியிருக்கிறார்கள், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் ஆயிரம் படத்தைக் கலைத்துப் போட்டாலும் உன்னுடையதை நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன். எந்தக் கேமராவும் அந்த நொடியில் தானாக அழுத்தாது.

அனுப்பு. முகத்துக்கு நேரே சொல்கிறேன்.

ருமென்


பெர்னிக்
5 பிப்ரவரி 2023

அன்புள்ள ருமெனுக்கு,

அன்புள்ள என்றுதான் போடுவேன், பழகிக்கொள்.

கவரில் படங்கள் இருக்கின்றன. குக்கேரி முகமூடி ஊர்வலம் பாதி, ஒரு ஞானஸ்நானம் பாதி. இந்த வருஷம் நம் பேட்டை ஆட்கள்தான் முதலில் வந்தார்கள். ஆட்டுத்தோல் போர்த்தி, இடுப்பு நிறைய மணி கட்டி, கூரை உயரத்துக்கு இரட்டைக் கொம்பு முகமூடி. அந்தச் சத்தத்தில் என் பல்லெல்லாம் ஆடியது. சாயங்காலம் தீ மூட்டிய பிறகும் எடுத்தேன், நீ அந்தி அந்தி என்று பயமுறுத்தியதால். ஞானஸ்நானம் மலையடிவாரச் சின்னக் கோயிலில். பெரிய விளக்கு எதுவும் கிடையாது, மெழுகுவர்த்திதான்.

எல்லாமே நான் எடுத்ததுதான். ஒரே இடம், ஒரே நேரம், ஒன்றை வைத்துவிட்டு உடனே இன்னொன்று.

தபால்காரர் பிளகோய் கவரைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "புருஷன்காரனுக்கா?" என்றார். "பழைய புருஷன்" என்றேன். "பழசுக்கு இவ்ளோ கனமா? என் பொண்டாட்டி எனக்கு ஒரு வரி எழுதினதில்ல" என்றார். வளைக்காமல் கொண்டு போங்கள் என்று சொன்னால், "குழந்தையாட்டம் தூக்கிட்டுப் போறேன், போதுமா?" என்று கோபித்துக்கொண்டார்.

சோஃபியா டாக்டரைப் பார்த்துவிட்டேன். ஊசி ஊசியாகக் குத்திச் சோதித்தார்கள். முடிவு இன்னும் வரவில்லை. இரவுகளில் புஜத்துச் சதை தானாகத் துடிக்கிறது, தோலுக்கு அடியில் புழு ஓடுகிற மாதிரி.

சீக்கிரம் எழுது. நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும் சீக்கிரம்.

நெவேனா


புர்காஸ்
14 பிப்ரவரி 2023

நெவேனா,

இது ஒரு சோதனையா? என் பக்கத்து மேசைப் பெண் இரண்டு படத்தைப் பார்த்துவிட்டே சொல்லிவிட்டாள்.

நீலம்தான் பெரியது. சிவப்பு குட்டி.

தீப் படத்தை எடுத்துக்கொள். சிவப்பில் குக்கேரிக்கு நாலு கொம்பு இருக்கிறது, தீப்பொறியெல்லாம் கோடு கோடாக இழுபட்டிருக்கிறது, படம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. பாதிரியார் தாடியும் அங்கியும் ஒன்றாகக் குழைந்துவிட்டன. நான் சொன்ன கஞ்சி இதுதான். இதை வாடிக்கையாளரிடம் கொடுத்தால் ஊரில் உன் பெயர் போய்விடும்.

நீலத்தில் கை இருக்கிறது. உன் கை. குழந்தையைத் தண்ணீரிலிருந்து தூக்கியதும் எல்லோரும் குழந்தையைப் பார்க்கிறார்கள், ஞானத்தாய் மட்டும் நனைந்துபோன தன் பட்டுச் சட்டையைப் பார்க்கிறாள். அந்தப் படத்தை வெகுநேரம் வைத்திருந்தேன். கொஞ்சம் பொரிபொரியாக இருக்கிறது, வெளிச்சம் குறைவு, பரவாயில்லை. ஆணி அடித்த மாதிரி நிற்கிறது.

நீ தீர்ப்புக் கேட்டாய், சொல்கிறேன். பெரியதை விடாதே. கை வலித்தால் ஒற்றைக்கால் ஸ்டாண்டு வைத்துக்கொள், நீள லென்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போ. குட்டியை அசெனுக்குக் கொடுத்துவிடு, தொத்திறைச்சியைப் படம் எடுத்துக் கடையில் மாட்டட்டும்.

நாலு வருஷம் கழித்து உன் படத்தைப் பார்த்தேன். இன்னும் என்னைவிட நன்றாகத்தான் எடுக்கிறாய். இதையும் முகத்துக்கு நேரேதான் சொல்கிறேன்.

ருமென்


பெர்னிக்
4 மார்ச் 2023

அன்புள்ள ருமெனுக்கு,

ஒன்றுவிடாமல் தலைகீழாகச் சொல்லியிருக்கிறாய். சிவப்புதான் பெரியது. நீலம் குட்டி.

உன் கடிதத்தை முதலில் படித்தபோது சிரித்தேன். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். நாலு கொம்பு முளைத்தது கேமராவால் இல்லை, ருமென், என்னால். பெரியதைத் தூக்கிப் பிடித்ததும் முழங்கையிலிருந்து ஆட ஆரம்பித்தது. ஷட்டர் வேகத்தைக் கூட்டலாம் என்றால், கட்டைவிரல் அந்தச் சக்கரத்தைத் திருப்பவில்லை. முதல் படத்துக்கு எந்த வேகத்தில் இருந்ததோ அதிலேயே கடைசிவரை எடுத்தேன். அவ்வளவு விலையுயர்ந்த கேமரா, ஆட்டத்தைத் தாங்க உள்ளுக்குள் என்னென்னவோ வைத்திருக்கிறார்கள், அதற்கும் ஓர் எல்லை இருக்கிறதே. குட்டியை மெழுகுவர்த்தித் தட்டின் விளிம்பில் வைத்துத் திரையைத் தொட்டேன். அவ்வளவுதான் செய்தேன். நீ அதைப் பார்த்து ஆணி அடித்த மாதிரி என்கிறாய்.

சோஃபியாவிலிருந்து முடிவு வந்துவிட்டது. கழுத்து நரம்பு இல்லை. தசையை ஆட்டிவைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே போகிற நோயாம். வலது கை, பிறகு இடது, பிறகு கால், பிறகு விழுங்குவது, கடைசியில் மூச்சு. கண்ணுக்கு ஒன்றும் ஆகாதாம். டாக்டர் இதை எனக்கு ஆறுதலாகச் சொன்னார். நான் என்ன தொழில் செய்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

மருந்து என்று ஒன்று தருகிறார்கள், அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவர்களே சொல்கிறார்கள்.

மார்ச் முதல் தேதி, வசந்தத்தை வரவேற்க, எல்லோரும் வழக்கம்போல் மணிக்கட்டில் சிவப்பு வெள்ளை நூல் கட்டிக்கொண்டார்கள். என்னால் முடிச்சுப் போட முடியவில்லை. மேல்மாடி ஸ்டெஃப்கா கட்டிவிட்டாள். அவளை இப்போது காலையும் மாலையும் வரச் சொல்லியிருக்கிறேன். ஆலையில் வேலை போய்விட்டது அவளுக்கு, எனக்குக் கை போய்விட்டது, இரண்டு பேருக்கும் ஒத்துப்போகிறது.

நீ வர வேண்டாம். வருகிறேன் என்று எழுதுவாய் என்று தெரியும். இந்தக் கையை நீ பார்க்க வேண்டாம். எழுது, அது போதும். ஒரு விதத்தில் நீ தந்தது நல்ல தீர்ப்புத்தான். குட்டியால் முடியும் என்று தெரிந்துகொண்டேன். பெரியதை அலமாரிக்குள் வைத்துவிட்டேன். முடிகிறவரை குட்டியோடு பார்க்கிறேன்.

நெவேனா


புர்காஸ்
11 மார்ச் 2023

அன்புள்ள நெவேனா,

இதைப் பல தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

சிவப்புப் படங்களில் பின்னணி கரைந்திருந்தது. ஞானத்தாயின் பின்னால் சுவரில் இருந்த புனிதர் படங்களும் மெழுகுவர்த்திச் சுடர்களும் வட்ட வட்டமாக உருகியிருந்தன. குட்டியால் அதைச் செய்யவே முடியாது, ஜனவரியில் நானே உனக்கு எழுதினேன். நீலத்தில் அந்தப் பொரி, இருட்டில் குட்டிக்குத்தான் அப்படி வரும். அதையும் பார்த்தேன், பார்த்ததை எழுதியும் இருக்கிறேன். பயிற்சிக்கு வந்த பையன்கூட இதைச் சரியாகச் சொல்லியிருப்பான். கை ஆடியிருப்பதைப் பார்த்ததும் என் புத்தி வேலை செய்வதை நிறுத்திவிட்டது. உன் கையில் பெரிய கேமரா இருந்தால் அது ஆடாது. இது எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திருந்ததால், கண்ணுக்கு முன்னால் இருந்ததை நம்பாமல் விட்டுவிட்டேன். மலைப்பாறையின் விளிம்பில் உட்கார்ந்துகூட அந்தக் கை ஆடாமல் பறக்கிற கழுகைப் படம் எடுத்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

வர வேண்டாம் என்கிறாய். சரி. நீ கூப்பிட்டால் அன்றைக்கே பஸ் ஏறுவேன் என்பதை மட்டும் தெரிந்துகொள்.

இதோடு ஒரு சின்ன ரிமோட் வருகிறது. குட்டியோடு சேரும், நான் சரிபார்த்துவிட்டேன். உள்ளங்கையால், முழங்காலால், எதனால் வேண்டுமானாலும் அழுத்தலாம். கனம் இல்லாத வளைகால் ஸ்டாண்டும் வைத்திருக்கிறேன், ஜன்னல் கம்பியில் சுற்றிக்கொள்ளும். பெரியதை இப்படியெல்லாம் கட்டி வைக்க முடியாது, அந்த விஷயத்தில் குட்டிதான் மேல். கழிவறை ஜன்னல் என்று நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

தொடர்ந்து படம் அனுப்பு. எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன். இனி கேமராவைப் பார்க்க மாட்டேன். நீ எடுத்ததா என்று மட்டும் பார்க்கிறேன்.

உன் ருமென்


பெர்னிக்
30 ஆகஸ்ட் 2023

அன்புள்ள ருமெனுக்கு,

இதை ஸ்டெஃப்கா எழுதுகிறாள். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். எழுத்துப்பிழை அவளுடையது, கோபம் என்னுடையது. "நான் அஞ்சாவது வரைக்கும் நல்லாத்தான் எழுதுவேன்" என்று இதை எழுதும்போதே சண்டை போடுகிறாள்.

நீ அனுப்பிய ரிமோட் நன்றாக இருந்தது. மே மாதம் பள்ளி முடித்த பிள்ளைகள் வழக்கம்போல் கார் ஜன்னலில் ஏறி உட்கார்ந்து, முடித்த வகுப்புகளை ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணிக் கத்திக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். என்னைப் படம் எடுக்க நாலு வீட்டில் கூப்பிட்டிருந்தார்கள். முதல் வீட்டில் நான் குட்டியை வெளியே எடுத்ததும் பெண்ணின் அம்மா மரியாதையாகத்தான் கேட்டாள், "இதுலயா எடுக்கப் போறீங்க? எங்க மாமாகிட்ட இதைவிடப் பெருசா இருக்கு, வேணும்னா கேட்டு வாங்கித் தரட்டுமா?" மற்ற மூன்று வீட்டிலும் அதற்குப் பிறகு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். பெரியதைக் கழுத்தில் சும்மா தொங்கவிட்டுக்கொண்டு போயிருந்தால் நம்பியிருப்பார்கள். தொங்கவிட முடியாதே, கழுத்தும் இப்போது தலையைத் தாங்க யோசிக்கிறது.

அதற்குப் பிறகு சாவுச் சுவரொட்டிக்குப் படம் கேட்கிறவர்கள் வந்தார்கள். நம் ஊரில்தான் தெரியுமே, செத்துப்போனவர் படத்தோடு தாள் ஒட்டாத கதவு கிடையாது, மின்கம்பம் கிடையாது. நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒன்று. அடையாள அட்டைப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியிருப்பார்கள், முகம் செங்கல் செங்கலாகத் தெரியும். அதைவிட இருக்கும்போதே நல்லதாக ஒன்று எடுத்து வைத்துவிடலாம் என்று வயதானவர்கள் சிலர் வந்தார்கள். சுவரோரம் நிற்கிறவரைப் பகல் வெளிச்சத்தில் எடுக்கக் குட்டி தாராளமாகப் போதும். நானும் சாகிறேன், அவர்களும் சாகப்போகிறார்கள், இரண்டு தரப்பிலும் கூச்சமே இல்லை. அசென்கூட வந்தான். ஏப்ரன் கழற்ற மாட்டேன் என்றுவிட்டான்.

ஜூலையில் இடது கையும் போய்விட்டது. நாற்காலியில் இருக்கிறேன். குட்டியை ஸ்டெஃப்கா ஜன்னல் விளிம்பில் வைத்துவிட, நான் தாடையால் தள்ளித் தள்ளித் திருப்புகிறேன். ரிமோட் முழங்காலுக்கு அடியில். தெருவில் யாராவது வந்து நின்றால் எடுக்கிறேன். தினமும் எடுக்கிறேன்.

இப்போது கவரைப் பார். தபால்காரர் பிளகோயை ஒரே கதவடியில், ஒரே காலையில் எடுத்த இரண்டு படம். இரண்டுமே குட்டியில் எடுத்தது. கேமரா கணக்கெல்லாம் முடிந்துவிட்டது. ஒன்றை நான் எடுத்தேன், இன்னொன்றை ஸ்டெஃப்கா எடுத்தாள். அவள் பிறந்ததிலிருந்து கேமராவைத் தொட்டதில்லை. ஒன்றில் சிவப்புப் புள்ளி, ஒன்றில் நீலம். எது என்னுடையது?

இதை விளையாட்டாகக் கேட்கவில்லை, ருமென். நாள் முழுக்க அந்த ஜன்னலில் நான் செய்துகொண்டிருப்பது படம் எடுப்பதா, அல்லது நோயாளி ஒருத்தி பொழுது போக்குவதா என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே எல்லோரும் எல்லாவற்றையும் பிரமாதம் என்கிறார்கள். என்னுடையதை நீ எடுத்துக் கொடுத்துவிட்டால், கடைசி மூச்சுவரை இந்த ஜன்னலை விட மாட்டேன். தாடை போனால் கண்ணைச் சிமிட்டி எப்போது அழுத்த வேண்டும் என்று ஸ்டெஃப்காவுக்குச் சொல்வேன். உன்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் நிறுத்திவிடுகிறேன். அப்போது அதில் நான் இல்லை என்று அர்த்தம்.

நெவேனா


புர்காஸ்
9 செப்டம்பர் 2023

என் அன்பு நெவேனா,

கவரைப் பிரித்து உடனே எழுதுகிறேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. சிவப்புதான் உன்னுடையது.

சந்தேகமே இல்லை. எவ்வளவு நேராக, எவ்வளவு தெளிவாக இருக்கிறது! பிளகோய் தொப்பியைச் சரிசெய்து, மார்பை நிமிர்த்தி, வாய் நிறையச் சிரிக்கிறார். பட்டன்கூட எண்ணலாம். கதவுச் சட்டம் நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. வெளிச்சம் கன்னத்தில் எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது! தாடையால் தள்ளி இப்படி ஒரு படம் எடுக்க உன்னைத் தவிர யாரால் முடியும்? லேபில் எல்லோரிடமும் காட்டினேன், வாயைப் பிளந்துவிட்டார்கள்.

நீலம் ஸ்டெஃப்காவினுடையது, பாவம், முதல் தடவை அல்லவா. கதவு சரிந்திருக்கிறது, ஆளின் ஒரு காதையே காணோம், ஃபோகஸ் முகத்தைவிட்டுப் பைக்குப் போய்விட்டது. தற்செயலாக அவளுக்கு ஒரு நல்ல நொடி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அவளைத் திட்டாதே, பழகிக்கொள்வாள்.

நீ நிறுத்தக் கூடாது. புரிகிறதா? கை போனாலும் உன் படம் போகவில்லை. தினமும் எடு, எல்லாவற்றையும் எனக்கு அனுப்பு. அக்டோபரில் லேபில் விடுமுறை தருகிறார்கள். அப்போது நான் வரட்டுமா? வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே.

எப்போதும் உன்,
ருமென்


பெர்னிக்
2 அக்டோபர் 2023

ருமென்,

நீலம்தான் நான்.

சிவப்பை ஸ்டெஃப்கா எடுத்தாள். ஜன்னலில் நேராக நின்று, "சிரிங்க மாமா" என்று சொல்லிவிட்டு அழுத்தினாள். பிளகோய் சிரித்தார். கேமரா மீதியைப் பார்த்துக்கொண்டது. குட்டிக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருக்கிறது.

அவள் எடுத்து முடித்து, கேமராவை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போன பிறகும் பிளகோய் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். சிரிப்பு மெல்ல இறங்கிவிட்டது. இன்னும் எத்தனை மாடி ஏற வேண்டும் என்று கணக்குப் போடுகிற மாதிரி பையைப் பார்த்தார். அப்போது நான் முழங்காலை அழுத்தினேன். காது போனது எனக்கும் தெரியும். கதவு சரிந்ததும் தெரியும். தாடையால் அதற்குமேல் முடியவில்லை.

நிஜமாகவே உனக்குத் தெரியவில்லையோ என்று சில நாள் உனக்காக வாதாடிப் பார்த்தேன். பிப்ரவரியில் தப்பாகச் சொன்னாய், இப்போதும் தவறியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கடிதத்தில் ஓர் ஆச்சரியக்குறிகூட இல்லை. இதில் ஒரே பத்தியில் இரண்டு இருக்கிறது. பொய் சொல்லும்போதும் உன்னால் சும்மா இருக்க முடியவில்லை. "தற்செயலாக ஒரு நல்ல நொடி" என்று எழுதிவிட்டாய். அந்த நொடி யாருடையது என்று ஜனவரியில் நீதான் எனக்கு எழுதினாய். ஆயிரம் படத்தில் எடுத்துக் கொடுப்பேன் என்றாய். இரண்டே இரண்டு படம்தானே அனுப்பினேன்.

"காது இல்ல, கதவு கோணல், ஃபோகஸ் இல்ல, ஆனா இது உன்னோடது" என்று எழுதியிருந்தால் போதும். நான் கேட்டது அதைத்தான். அசிங்கமாக இருக்கும் படத்தை என்னுடையது என்று சொன்னால் நான் உடைந்துவிடுவேன் என்று நினைத்தாய். அழகான படத்தை என் மடியில் வைத்துவிட்டு, எனக்கென்று மிச்சமிருந்த ஒரே படத்தைத் தற்செயல் என்று ஸ்டெஃப்காவிடம் தள்ளிவிட்டாய். இரக்கம் எனக்கு இங்கே நிறையக் கிடைக்கிறது. அசென் வாரம் தவறாமல் தொத்திறைச்சி அனுப்புகிறான், என்னால் விழுங்க முடியாது என்று தெரிந்தும் அனுப்புகிறான். உன்னை நான் வேறு ஒன்றுக்காக வைத்திருந்தேன்.

உன்மேல் கோபம் என்று நினைக்காதே. தில்யானா விஷயத்தில் இருந்த கோபத்தில் கால்வாசிகூட இல்லை. இனி கேட்பதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பெரிய கேமராவை புர்காஸ் பஸ் டிரைவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன், நிலையத்தில் போய் வாங்கிக்கொள். பாட்டரி போட்டு வைத்திருக்கிறது. லென்ஸைத் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். குட்டியை ஸ்டெஃப்கா வைத்துக்கொள்ளட்டும், அவளுக்குச் சிரிப்பு நன்றாக வருகிறது. என் சுவரொட்டிக்குப் படம் போட வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். வராதே. எழுதவும் வேண்டாம். எழுதினால் ஸ்டெஃப்கா படித்துக்காட்டுவாள், எனக்கு எதையும் நம்ப வராது.

மூட்டுக்குச் சூடு வைத்துக்கொள்.

நெவேனா

ஐயா, நான் ஸ்டெஃப்கா. இது நானா எழுதறது, அவங்களுக்குத் தெரியாது. உங்க லெட்டர் வந்த அன்னிக்கு அத ரெண்டு தடவ படிக்கச் சொன்னாங்க. அப்புறம் முழங்காலுக்கு அடியில இருக்கிற அந்த ரிமோட்ட எடுத்துடுன்னாங்க. இப்ப காலைல நாற்காலிய ஜன்னல் பக்கம் திருப்பட்டுமான்னு கேட்டா, சுவர் பக்கமே இருக்கட்டும்ங்கறாங்க.